அத்தியாயம் 7: ஒன்பதா, பத்தா?

மாலை ஆறரை மணி, நல்ல மழை. ஜோகூர் பாருவை அடுத்த பெர்மாஸ் ஜெயாவின் ஒரு முச்சந்தியில் சாப்பாடு கொண்டுபோகும் இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு விழிக்கிறார். இந்த வட்டாரத்துத் தெருக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பூவின் பெயரோ தலைவர்களின் பெயரோ கிடையாது. 'ஜாலான் பெர்மாஸ்' என்று தொடங்கி, ஓர் எண், ஒரு சாய்கோடு, இன்னோர் எண் என்று முடியும். ஜாலான் பெர்மாஸ் 9/1, ஜாலான் பெர்மாஸ் 10/1, ஜாலான் பெர்மாஸ் 10/2. முகவரியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கைப்பேசியை மழைக்கோட்டுக்குள் போட்டவருக்கு இப்போது தலையில் இருப்பவை: தெரு எண், வீட்டு எண், நாலு இலக்க ஆர்டர் எண், பின்சீட்டில் சாயாமல் இருக்க வேண்டிய சூப்பு.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடிக்கிறது. "தம்பி, எங்கப்பா இருக்க? பிள்ளைங்க பசியில அழுவுதுங்க." "இந்தா பக்கத்துலதாங்க்கா, ரெண்டே நிமிஷம்." பேச்சு முடிந்தது. தெரு எண்ணும் போனது. ஒம்பதா, பத்தா?

இதே இளைஞரிடம் பத்து வருஷத்துக்கு முந்தைய சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தால் சரணம் வரை பிசகாமல் பாடிவிடுவார். அவருடைய நினைவாற்றலில் பழுதில்லை. பாட்டு இருப்பது கிடங்கில். தெரு எண் இருந்தது கைப்பிடியில். இப்போது செய்துகொண்டிருக்கும் வேலைக்காக, சில விநாடிகள் மட்டும் தாங்கிப் பிடித்து, அதை வைத்தே யோசித்து, வேலை முடிந்ததும் விட்டுவிடும் அந்தக் கைப்பிடிக்கு உளவியலில் 'செயல் நினைவு' என்று பெயர். மளிகைக்கடைக்காரர் மனக்கணக்குப் போடுவது, நீளமான வாக்கியத்தின் முடிவைக் கேட்கும்போது தொடக்கத்தை மறக்காமல் இருப்பது, சாலையில் தடம் மாறும்போது கண்ணாடியில் பார்த்த லாரியை மனத்தில் வைத்திருப்பது எல்லாம் அதன் வேலைதான்.

1974-இல் ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் இதற்கு ஒரு வரைபடம் கொடுத்தார்கள். காதால் கேட்டதை உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் ஒரு வளையம், கண்ணால் கண்டதையும் இடத்தையும் வைத்துக்கொள்ளும் ஒரு கரும்பலகை, இரண்டையும் மேய்க்கும் ஒரு மேற்பார்வையாளர். எத்தனை பொருள் கொள்ளும்? 1956-இல் ஜார்ஜ் மில்லர் சொன்ன 'ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம்' என்ற கணக்குத்தான் பல ஆண்டுகள் பிரபலமாக இருந்தது. பிறகு 2001-இல் நெல்சன் கோவன் தரவுகளை எல்லாம் திரும்பப் பார்த்து, சொல்லிச் சொல்லிப் பார்க்கவும் கூட்டிச் சேர்க்கவும் வழியில்லை என்றால் ஏறத்தாழ நாலுதான் தேறும் என்றார். முச்சந்தி இளைஞரின் தலையில் ஏற்கெனவே நாலு இருந்தன. ஐந்தாவதாக வந்தது அக்காவின் குரல்.

இன்னொரு சங்கடமும் அவருக்கு உண்டு. ஒலியில் ஒத்த சொற்களை நினைவில் வைப்பது, ஒலியில் வேறுபட்டவற்றை வைப்பதைவிடக் கடினம் என்பது 1960-களிலேயே தெளிவாகிவிட்டது. 'ஒம்பது', 'பத்து' இரண்டின் முடிவும் உள்காதில் ஒத்து ஒலிக்கும். தெருவுக்கு மல்லிகை, தாமரை என்று பெயர் வைத்திருந்தால் இந்தக் குழப்பம் குறைந்திருக்கும். நகரத் திட்டக்காரர்கள் உளவியல் படிப்பதில்லை.

அந்த உள்வளையத்தின் நீளம் எண்ணிக்கையைவிட நேரத்தைப் பொறுத்தது. பேட்லியும் சகாக்களும் 1975-இல் கண்டது இது: ஏறத்தாழ இரண்டு விநாடிகளில் சொல்லிமுடிக்கக் கூடிய அளவுதான் அதில் தங்கும். சொல் நீண்டால் எண்ணிக்கை குறையும். வேல்ஸ் நாட்டில் இருமொழி பேசுவோரைச் சோதித்த 1980-ஆம் ஆண்டு ஆய்வில், ஒரே ஆளுக்கு வேல்ஸ் மொழியில் சொன்ன இலக்கங்கள் ஆங்கிலத்தில் சொன்னவற்றைவிடக் குறைவாகவே நினைவில் நின்றன. வேல்ஸ் எண்களை உச்சரிக்கக் கூடுதல் நேரம் ஆகிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மலேசியத் தமிழருக்கு இது கைக்கு வந்த கருவி. சீன மொழியில் இலக்கத்துக்கு ஓர் அசை. மலாயில் பெரும்பாலும் இரண்டு. 'இரண்டு, நான்கு, ஒன்பது' என்று இலக்கணமாகச் சொன்னால் தமிழில் மூச்சு நீளும். பல வீடுகளில் பேச்செல்லாம் தமிழில் நடந்து தொலைபேசி எண் மட்டும் ஆங்கிலத்தில் வருவதை யாரும் கவனித்திருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவசரத்தில் ஓர் எண்ணைத் தாங்க வேண்டுமானால் எந்த மொழியில் வாய் வேகமாக ஓடுமோ அந்த மொழியில் சொல்லிக்கொள்வது நல்லது. மூன்று, மூன்று, நாலு என்று பிரித்துச் சொன்னால் இன்னும் நல்லது.

எலிக்கு எவ்வளவு அதிர்ச்சி?

பதற்றம் வந்தால் மூளை வேலை செய்யாது என்பார் சிலர். கொஞ்சம் பதற்றம் இருந்தால்தான் வேலையே நடக்கும் என்பார் வேறு சிலர். இருவரும் பாதி சரி. எந்தப் பாதி என்பதை 1908-லேயே ஆடும் எலிகளை வைத்து ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரு அமெரிக்கர்கள் காட்டியிருந்தார்கள். எலி வெள்ளைப் பெட்டிக்குள் போனால் பிழைத்தது. கறுப்புப் பெட்டிக்குள் போனால் மின்னதிர்ச்சி. வெள்ளையும் கறுப்பும் பளிச்சென்று வேறுபட்டபோது, அதிர்ச்சி கூடக்கூட எலி சீக்கிரம் கற்றது. வெளிச்சத்தைக் குறைத்து இரண்டு பெட்டிகளையும் பிரித்தறிவதைக் கடினமாக்கியபோது கதை மாறியது: நடுத்தர அதிர்ச்சியில் நன்றாகக் கற்ற எலி, கடுமையான அதிர்ச்சியில் பின்தங்கியது.

இன்று ஊழியர் பயிற்சி வகுப்புகளில் காட்டப்படும் படம் ஒரே ஒரு மலைமேடு: அழுத்தம் கொஞ்சம் இருந்தால் நல்லது, அதிகமானால் கெட்டது. படத்தை வரைந்தவர்கள் வேலை எளிதா கடினமா என்ற கேள்வியை வழியில் எங்கோ விட்டுவிட்டார்கள். யெர்க்ஸ், டாட்சன் ஆய்வின் சாரமே அந்தக் கேள்விதான். முதலாளி நின்று முறைத்தால் பெட்டி அடுக்குபவர் வேகமாக அடுக்கக்கூடும். அதே முறைப்பில் கணக்கர் ஒருவர் மூன்று பட்டியல்களைச் சரிபார்த்தால் எண் இடம் மாறிப்போகும். இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்வதும் இதையே: அழுத்தத்தை ஒழிக்க முடியாத இடத்தில், வேலையின் கடினத்தைக் குறைக்க முடியும்.

மூளைக்குள் நடப்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். செயல் நினைவைத் தாங்குவதில் பெரும்பங்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிக்கு. நாரட்ரினலின், டோபமின் என்ற வேதிப்பொருள்கள் அளவோடு இருந்தால் அங்கே நரம்பணுக்களின் பிணைப்பு இறுகும். அளவு மீறினால் தளரும். தளர்ந்ததும் பொறுப்பு அச்சத்தையும் பழக்கத்தையும் கவனிக்கும் பழைய பகுதிகளுக்குக் கைமாறுகிறது. பாம்பைக் கண்டவன் யோசிக்காமல் குதிப்பது அதனால்தான். வருமான வரிப் படிவம் பாம்பு இல்லை என்பதுதான் தொல்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. ஜெர்மனியின் டிரியர் நகரப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் உருவான அழுத்தச் சோதனையின் ஒரு பகுதி அது. முகத்தில் சலனமே காட்டாத நடுவர்கள் முன் முதலில் பேச வேண்டும். பிறகு 1022-இலிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: 1009, 996, 983, 970... பிசகினால் மறுபடி 1022-இலிருந்து. தனியாக உட்கார்ந்து செய்தால் அவ்வளவு கடினமில்லை. மாமனாரும் மைத்துனரும் எதிரே உட்கார்ந்து நேரம் பார்த்தால் 983-இலேயே நாக்கு ஒட்டும்.

இந்தச் சோதனையை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 20 இளைஞர்களிடம் நடத்தி, அதன்பின் அவர்களின் செயல் நினைவை அளந்தார்கள். 2006-இல் வந்த முடிவு: நினைவில் வைக்க வேண்டியவை குறைவாக இருந்தபோது அழுத்தம் ஒன்றும் செய்யவில்லை, சுமை கூடியபோதுதான் அடி விழுந்தது. இருபது பேர் என்பது சின்னக் கூட்டம்தான். ஆனால் அழுத்தம் செயல் நினைவைக் குறைக்கிறது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரையும் உறுதி செய்தது. நேரக்கணக்கும் தெரிந்துகொள்ளத்தக்கது. நாரட்ரினலின் விநாடிகளில் ஏறும். கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் மெதுவாக ஏறி, அழுத்தம் தொடங்கி அரைமணி நேர அளவில் உச்சத்துக்கு வந்து, அதன்பிறகே இறங்கத் தொடங்கும். வீட்டில் வாய்த்தகராறு முடிந்து பத்து நிமிடத்தில் 'சரி, கடன் கணக்கைப் பார்ப்போம்' என்று உட்காருவது, தீ அணைந்த கையோடு சுடுசட்டியைத் தொடுவது போல. ஒரு மணி நேரம் போகட்டும்.

கரும்பு வெட்டுமுன், வெட்டியபின்

பரிசோதனைக்கூடத்தில் அரைமணி நேரம் தரும் அழுத்தம் வேறு. மாதக்கணக்கில் நெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பணக்கவலை வேறு. இரண்டாவதை அளக்க உலகத்துக்கு வாய்த்த நல்ல சந்தர்ப்பம் தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு வயல்களில் கிடைத்தது.

கரும்பு விவசாயிக்குப் பணம் மொத்தமாக, அறுவடைக்குப் பிறகு வருகிறது. அதற்கு முந்தைய மாதங்கள் கையிறுக்கம், பிந்தைய மாதங்கள் கையிருப்பு. அதே ஆள், அதே குடும்பம், அதே படிப்பு. பணம் மட்டும் மாறுகிறது. ஆலைகள் அரவைக்கு ஏற்பத் தேதி கொடுப்பதால் ஊரே ஒரே வாரத்தில் வெட்டுவதில்லை. ஒருவர் வெட்டிமுடித்த சமயத்தில் பக்கத்து வயல்காரர் இன்னும் காத்திருப்பார். ஆகவே வெயில், மழை, பண்டிகை மீது பழிபோட முடியாது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஷாவ் ஆகிய நால்வரும் 54 கிராமங்களில் 464 விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். ஆய்வு 2013-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது.

அறுவடைக்கு முன் 78 விழுக்காட்டினர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்னர் 4 விழுக்காடு. கொடுத்த சோதனைகள் இரண்டு. ஒன்று, வடிவங்களின் வரிசையில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிப்பது. மற்றொன்று கண்ணை ஏமாற்றும் எண்கள்: '5 5 5' என்று காட்டினால் எத்தனை எண்கள் இருக்கின்றனவோ அதைச் சொல்ல வேண்டும். சரியான விடை மூன்று. வாய் ஐந்து என்று சொல்லத் துடிக்கும். அதை அடக்குவது மேற்பார்வையாளரின் வேலை. அறுவடைக்கு முன் வடிவச் சோதனையில் சரியான விடைகள் சராசரியாக 4.35, பின்னர் 5.45. எண் சோதனையில் அறுவடைக்கு முன் நேரமும் கூடுதல், தவறும் கூடுதல்.

இரண்டாவது முறை பழகிப்போனதால் நன்றாகச் செய்திருப்பார்களோ? அந்தச் சந்தேகத்துக்காகவே விவசாயிகளில் ஒரு பகுதியினரை அறுவடைக்குப் பிறகு மட்டும், முதல் தடவையாகச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களும் அறுவடைக்கு முன் சோதிக்கப்பட்டவர்களைவிட நன்றாகவே செய்தார்கள். பதற்றத்தின் உடல் அடையாளங்களை வைத்து மட்டும் இந்த இறக்கத்தை முழுதாக விளக்க முடியவில்லை என்பதும் கட்டுரையில் உண்டு. கவலை உடலைத் தாக்குவதோடு நிற்பதில்லை. வாடகை கேட்காமல் செயல் நினைவு என்ற மேசையில் வந்து உட்கார்ந்தும் கொள்கிறது. நாலு பொருள் வைக்கும் மேசையில் 'வட்டி எப்படிக் கட்டுவது' என்பது ஓர் இடத்தை எப்போதும் பிடித்திருந்தால் மிச்சம் மூன்று. எல்லா ஊரிலும் இதே முடிவு வந்துவிடவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த ஒரு பெரிய ஆய்வில் வேறுபாடு தென்படவில்லை. மாதம் இருமுறை வரும் சம்பளத்துக்கும் ஆண்டுக்கு ஒருமுறை வரும் கரும்புப் பணத்துக்கும் உள்ள தூரம் சின்னதில்லை என்று வாதிடலாம்.

ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தபோது, உற்பத்தி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடியது. கவனப்பிசகான தவறுகளும் குறைந்தன. கூலி அதேதான். வந்த நாள் மட்டும் மாறியது.

பெர்மாஸ் ஜெயாவின் ஒரு குடும்பம் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்? வீட்டுக் கடன், கார் தவணை, பள்ளி வேன், டியூஷன், ஊருக்கு அனுப்பும் பணம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தேதி இருந்தால் மாதம் முழுக்க ஐந்து கவலைகள் மேசையில் இருக்கும். சம்பளம் விழுந்த மறுநாள் எல்லாம் தானாகக் கழிந்துபோகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டால், மிஞ்சுவது குறைவாக இருந்தாலும் கவலை ஒரே நாளோடு முடியும். புதுக் கடனில் கையெழுத்திடுவது, வேலை மாறுவது, சீட்டில் சேர்வது போன்ற முடிவுகளை மாதக் கடைசியில் எடுக்காமல் சம்பளத்துக்கு அடுத்த வாரத்துக்குத் தள்ளுவது அடுத்த காரியம். விற்பனை முகவர்கள் எந்த வாரத்தில் கதவைத் தட்டினாலும் சரி.

நாலரை மணி அலாரம்

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் செம்பவாங் கரை தெரியும். ஆனால் போய்ச்சேரும் வழி சுற்று: தெப்ராவ் ஆற்றின் மேல் பாலத்தைக் கடந்து, ஜோகூர் பாரு நகருக்குள் நுழைந்து, சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் வரிசை, 1924-இல் திறக்கப்பட்ட ஒரு கிலோமீட்டர் சொச்சக் கடற்பாலம், பிறகு உட்லண்ட்ஸில் இன்னொரு வரிசை. தாதியர், தொழிற்சாலைப் பணியாளர், பாதுகாவலர், துப்புரவாளர் என்று தினமும் போய்வருவோர் பலருக்கு அலாரம் நாலரைக்கே அடிக்கும். எழுந்ததிலிருந்து சோதனைச்சாவடி வரை மனத்தில் சுமக்க வேண்டியவை: கடப்பிதழ், வேலை அட்டை, கைப்பேசியில் மின்சாரம், ஜாம் எப்படி, பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி, இன்று எந்த ஷிப்ட். இத்தனையும் பாதித் தூக்கத்தில்.

தூக்கத்தைப் பற்றி மறுபடி தமிழ்நாட்டுக்கே போகலாம். சென்னையில் 452 பேருக்குத் தரவுப் பதிவு வேலை கொடுத்து, கையில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்த ஓர் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேர அளவே. சூடு, கொசு, சத்தம், கவலை. கண்மறைப்பு, காதடைப்பு, நல்ல தலையணை எல்லாம் கொடுத்து, ஊக்கமும் தந்து, இரவுக்கு 27 நிமிடம் கூட்டினார்கள். வேலைத்திறனிலும் கவனத்திலும் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் எதுவும் இல்லை! எதிர்பார்த்தது இதுவல்ல. ஆனால் பகலில் அலுவலகத்திலேயே அரைமணி நேரம் குட்டித்தூக்கம் போட இடம் கொடுத்தபோது கவனமும் வேலைத்திறனும் மனநிலையும் மேம்பட்டன. உடைந்த இரவுத் தூக்கத்தில் இன்னும் கொஞ்சம் உடைந்த தூக்கத்தைச் சேர்ப்பதைவிட, அமைதியான பகல் தூக்கம் பலித்தது என்று இதைப் படிக்கலாம். தூங்கிய அரைமணிக்கும் உழைத்திருந்தால் கைக்குக் காசு கூடக் கிடைத்திருக்கும் என்பதையும் அதே ஆய்வு மறைக்கவில்லை.

ஆகவே தொழிற்சாலைப் பேருந்தில் போகிறவர் அந்தப் பயணத்தைக் கைப்பேசிக்குக் கொடுக்காமல் கண்ணுக்குக் கொடுப்பது லாபம். மோட்டாரில் போகிறவருக்கு அந்த வழியில்லை. மதிய இடைவேளையில் இருபது நிமிடம் கண்ணை மூட ஓர் இடம் தேடுவது அவருக்குப் பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. இரவு திரும்பும் வழியில் களைத்த மூளை பழக்கத்தை நம்பி ஓட்டுகிறது. பழக்கம் தெரிந்த வளைவுக்குப் போதும். திடீரென்று மூடப்பட்ட தடத்துக்குப் போதாது.

சதாவதானியின் கணக்கு

நாலுதான் என்றால், ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனத்தில் தாங்கிக் காட்டும் அவதானிகள் எப்படி? நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907-இல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் செய்து காட்டியவர். ஒருபக்கம் ஈற்றடி கொடுத்துப் பாட்டுக் கேட்பார்கள், இன்னொரு பக்கம் கணக்கு, நடுவில் மணியோசை, முதுகில் விழும் கற்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் வரிசையாக விடை வர வேண்டும். கூட்டம் நிறைந்த அரங்கம், சோதிக்கவே வந்திருக்கும் புலவர்கள். அழுத்தத்துக்குக் குறைவில்லை, கடினத்துக்கும் குறைவில்லை.

அந்தக் கலையின் உள்வேலையைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை உதவும். ஆய்வுக் குறிப்புகளில் முதலெழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் ஒரு கல்லூரி மாணவர், ஓட்டப் பந்தயக்காரர். வழக்கம்போல ஏழு இலக்கங்களைத்தான் முதலில் அவரால் திருப்பிச் சொல்ல முடிந்தது. 230 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்தபின் 79 இலக்கங்களைச் சொன்னார். எரிக்சன், சேஸ் முதலிய ஆய்வாளர்கள் 1980-இல் இதை வெளியிட்டார்கள். மாணவர் எண்களைப் பந்தய நேரங்களாக மாற்றிக்கொண்டார்: 3492 என்று கேட்டால் அது அவருக்கு மூன்று நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைல் ஓட்டம். நாலு இலக்கம் ஒரே பொருளாகிவிடுகிறது. சுவையான பகுதி இனிமேல்தான். எண்களுக்குப் பதில் எழுத்துகளைச் சொன்னபோது அவர் பழையபடி ஆறுக்கு இறங்கிவிட்டார். மேசை பெரிதாகவே இல்லை. எண்களைக் கட்டி அடுக்கும் வித்தையை மட்டும் கற்றிருந்தார்.

யாப்பும் எதுகையும் மோனையும் ஊறிப்போன புலவருக்குப் பாட்டின் பாதி தானே வந்து விழுந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. மற்றவர்களுக்குக் கடினமான வேலை அவருக்குக் கடினமாக இல்லை. அதனால் அரங்கத்தின் அழுத்தம் அவரை அசைக்கவில்லை. 'நினைவாற்றலை இரட்டிப்பாக்கும்' செயலிகளுக்குக் காசு கட்டுவதற்குமுன் அந்த ஆறு எழுத்துகளை நினைத்துக்கொள்வது பணப்பைக்கு நல்லது. வண்டி ஓட்டுபவர் வண்டியையே பழக வேண்டும். மருந்து கொடுப்பவர் மருந்துச் சீட்டையே பழக வேண்டும்.

மேசையைக் காலி செய்வது

1935 அக்டோபர் 30 அன்று ஒஹாயோவில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் மேலெழுந்த சற்று நேரத்தில் விழுந்தது. ஓட்டியவர் கைதேர்ந்தவர். நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க வால்பகுதியில் போட்ட பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். இருவர் உயிரிழந்தார்கள். 'ஒரு மனிதரால் ஓட்ட முடியாத அளவுக்குச் சிக்கலான விமானம்' என்ற பேச்சு எழுந்தபோது, ராணுவ விமானிகள் கூடுதல் பயிற்சி கேட்கவில்லை. ஒரு சரிபார்ப்புப் பட்டியல் எழுதினார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைக்கூடங்களுக்குக் கொண்டுவந்த ஒருபக்கப் பட்டியலும் இதே வழிதான். புதுடெல்லி உள்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்தியபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8-ஆகக் குறைந்தது.

வாசற்கதவின் உள்பக்கம் ஒட்டிய ஒரு துண்டுத்தாளும் பட்டியல்தான். ஐந்து வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். 'கவனமாக இரு' என்ற வரிக்கு அதில் இடமில்லை. 'கடப்பிதழ், வேலை அட்டை, சாவி' என்று தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்தான் வேண்டும். அதைவிட நல்லது தாளே தேவைப்படாதபடி செய்வது: கடப்பிதழும் வேலை அட்டையும் பைக்குள் ஒரே அறையில், இரவே. உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் 2024 மார்ச் 19 முதல் காரில் வருவோர் ஒரே கியூஆர் குறியீட்டைக் காட்டி முழுக் குடும்பமும் கடக்கலாம் என்று வந்தபோது குறைந்தது நேரம் மட்டுமில்லை. பின்சீட்டிலிருந்து ஐந்து கடப்பிதழ்களைத் திரட்டி, முகம் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் சில்லறைத் தலைவலியும் போனது.

குறுக்கீட்டுக்கு வேறு வைத்தியம். சிட்னியில் 98 தாதியர் மருந்து கொடுப்பதைக் கூடவே நின்று கவனித்த ஆய்வொன்று, குறுக்கீடு ஒவ்வொன்றுக்கும் தவறுகள் ஏறத்தாழ 12 விழுக்காடு கூடியதாகச் சொன்னது. பாதியில் யாராவது கூப்பிட்டால் 'இதோ வரேன்' என்று எழுந்து போகுமுன் ஐந்து விநாடி எடுத்து, எங்கே விட்டோம் என்று ஓர் அடையாளம் வைக்க வேண்டும். கணக்கில் விரல் வைத்த இடத்தில் பென்சில் கோடு; சமையலில் உப்புப் போட்டாயிற்று என்றால் உப்பு டப்பா அடுப்புக்கு அந்தப் பக்கம். "என்னங்க, ஒரு நிமிஷம்" என்று குரல் வந்தால் "இந்த வரியை முடிச்சுட்டு வரேன்" என்பது மரியாதைக் குறைவாகாது. மழையில் நின்ற இளைஞரும் அக்காவின் அழைப்பை எடுக்குமுன் தெரு எண்ணை உரக்க ஒருதடவை சொல்லியிருக்கலாம். கைப்பேசித் திரையைப் பிடியில் மாட்டி வைத்திருந்தால் அதுவும் வேண்டாம்.

பிள்ளைகள் விஷயம் தனி. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் எட்டு வயதுப் பிள்ளை ஒரே காலையில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் கட்டளைகளைக் கேட்கிறது. இன்னும் தடுமாறும் மொழியில் ஒரு கணக்கைப் படித்தால், மேசையின் பாதியைச் சொற்களே அடைத்துக்கொள்ளும். கணக்குக்கு இடம் மிஞ்சாது. அதைப் பார்த்து 'கணக்கு வராத பிள்ளை' என்று முத்திரை குத்துகிறோம். "கண்ணு, புத்தகத்தை எடு, 42-ஆம் பக்கம் திற, மூணாவது கணக்கைச் செய், முடிச்சுட்டு அம்மாகிட்டக் காட்டு" என்பதில் நாலு வேலை இருக்கிறது. ஒன்றொன்றாகச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் 1980-களிலிருந்து சொல்லிவருவது, புதிய பாடத்தில் பிள்ளையை முட்டவிடாமல் முழுதாகச் செய்து காட்டிய கணக்குகளை முதலில் படிக்கக் கொடுங்கள் என்பது. டியூஷன் வகுப்புகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

ஆரம்பப் பள்ளியின் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ஒழிந்தாலும் இடைநிலைப் பள்ளியின் எஸ்பிஎம் இருக்கிறது, பயமும் இருக்கிறது. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் பயத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக 2011-இல் ஓர் ஆய்வு வந்து உலகமெங்கும் பேசப்பட்டது. 2018-இல் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எழுதிப் பார்ப்பதில் நட்டமில்லை. ஆனால் அதை நம்பிப் பழைய வினாத்தாளை விட்டுவிடக் கூடாது. கடிகாரம் வைத்து, வேறு அறையில், உண்மைத் தேர்வைப் போலவே நாலைந்து முறை எழுதிப் பார்ப்பது வேலையை எளிதாக்குகிறது. எளிதானதைப் பயம் அவ்வளவாகத் தொடுவதில்லை.

இதெல்லாம் செய்தும் மறதி வாரக்கணக்கில் தொடர்ந்தால், தூக்கமும் பசியும் குறைந்தால், தெரிந்த வழியிலேயே திசை தப்பினால், பட்டியல்களை நம்பிக் காலம் தள்ளாமல் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்குப் போக வேண்டும். தைராய்டு, இரத்தச்சோகை, மனச்சோர்வு, சில மாத்திரைகள் எல்லாமே இந்த வேடத்தில் வரும். மருத்துவர் அறையும் அழுத்தம் நிறைந்த இடம்தான். உள்ளே போனதும் சொல்ல நினைத்ததில் பாதி போய்விடும். எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரத் தூக்கம், என்னென்ன மாத்திரை, கடைசியாக எதை மறந்தோம் என்ற நாலையும் முந்திய இரவே ஒரு தாளில் எழுதி, கடப்பிதழ் இருக்கும் அதே அறையில் வைத்துவிடலாம்.